தேர்வைத் தேர்தல்

கற்றல் நோக்கங்கள்

உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வுகளின் இயல்பை அறிதல். எண்களைக் கொண்டு ஒப்பிட்டு முடிவெடுத்தல். ‘தேர்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொற்களைப் பிழையின்றிப் பயன்படுத்துதல்.

முன்னுரை

தமிழில் ‘தேர்வு’ என்னும் சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. வினாத்தாளுக்கு விடை எழுதுவதும் தேர்வு; பலவற்றுள் ஒன்றை ஆராய்ந்து கொள்வதும் தேர்வு. இரண்டும் ‘தேர்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தவை. ஆராய்தல், தெளிதல், தெரிந்தெடுத்தல் என்பன அவ்வினையின் பொருள்கள். பள்ளிப் பருவம் முழுவதும் மாணவர்கள் தேர்வு என்பதை முதற்பொருளிலேயே அறிந்திருக்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பை எட்டும்போது இரண்டாம் பொருளும் அவர்கள்முன் வந்து நிற்கிறது. எந்தத் தேர்வை எழுதுவது என்பதையே அப்போது அவர்கள் தேர வேண்டியிருக்கிறது.

ஒரே ஊர், பல வாயில்கள்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ஓர் இருப்புப்பாதை செல்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் நிலப்பகுதி இது. 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதி அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைந்தது. தொழிலுக்காகவும் பணிக்காகவும் இங்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல.

உயர்கல்வி நிறுவனங்கள் நிறைந்த ஊர் திருப்பதி. 1954இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இங்கு நிறுவப்பட்டது. 1959இல் அதன் பொறியியல் கல்லூரியும், 1960இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும் தோன்றின. 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாகிய ஐ.ஐ.டி.யும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாகிய ஐசரும் தொடங்கப்பெற்றன. அவ்விரண்டின் வளாகங்களும் ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே உள்ள ஏர்ப்பேடு வட்டாரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீ சிட்டியில், இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் 2013 முதல் இயங்கி வருகிறது.

இவை அனைத்தும் ஒரே மாவட்டத்தில் இருப்பினும், இவற்றின் வாயில்களைத் திறக்கும் திறவுகோல்கள் வேறு வேறு. மருத்துவக் கல்லூரிக்கு ‘நீட்’ தேர்வு. பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிக்கு ஆந்திர மாநிலத்தின் ‘இஏபிசெட்’ தேர்வு. ஸ்ரீ சிட்டி நிறுவனத்திற்கு ‘ஜே.இ.இ. மெயின்’, ஐ.ஐ.டி.க்கு அதனையும் கடந்து ‘ஜே.இ.இ. அட்வான்ஸ்டு’, ஐசருக்கு அதற்கென்றே நடத்தப்படும் திறனறித் தேர்வு. ஓர் ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளையே மலைக்க வைக்கும் பட்டியல் இது. பிழைப்பு நாடி வேற்று மாநிலம் வந்த குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு குடும்பத்தின் கதை

பின்வரும் குடும்பம் எடுத்துக்காட்டுக்காகக் கூறப்படுவது. திருப்பதியில் வாழும் மாணவி ஒருத்தி, மத்திய அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல் அவளுடைய பாடங்கள். தந்தை ஓர் உணவகத்தில் கணக்கர். அவருடைய சொந்த ஊர் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம். பாட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறார். மாணவி ஐந்தாம் வகுப்பு முதல் திருப்பதியிலேயே படித்து வருகிறாள்.

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வீட்டில் பேச்சு எழுந்தது.

“எல்லாத் தேர்வையும் எழுதிவிடு, அம்மா. ஏதேனும் ஒன்று கைகொடுக்கும்” என்றார் தந்தை.

“எல்லாவற்றுக்கும் ஆயத்தமாவதற்குக் காலம் எங்கே, அப்பா?” என்றாள் மகள்.

“பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுகிறேன். அம்மாவின் வளையல்களை அடகு வைத்தாலும் பரவாயில்லை. ஏர்ப்பேட்டில் இருக்கும் ஐ.ஐ.டி.யைப் பேருந்தில் கடந்து போகும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.”

மகள் விடை சொல்லவில்லை. தந்தையின் ஆசை அவளுக்குத் தெரியும். தாயின் கையில் இருப்பவை அந்த இரண்டு வளையல்கள் மட்டுமே என்பதும் தெரியும். மறுநாள் தன் கணித ஆசிரியையிடம் சென்று நிலைமையைக் கூறினாள்.

“எந்தத் தேர்வு உயர்ந்தது என்று கேட்காதே” என்றார் ஆசிரியை. “ஒவ்வொரு தேர்வையும் பற்றி மூன்று வினாக்களைக் கேள். அது எந்த வாயிலைத் திறக்கும்? அது எதனை அளக்கும்? அது உன்னை எந்த ஊராராகக் கருதும்? மூன்றுக்கும் விடை எழுதிக்கொண்டு வா. பிறகு பேசுவோம்.”

முதல் வினா: எந்த வாயிலைத் திறக்கும்?

மாணவி தன் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினாள். மருத்துவம் படிப்பது அவள் விருப்பமன்று. உயிரியலும் அவள் பாடமன்று. ஆகவே நீட் தேர்வு முதலிலேயே நீங்கியது.

ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை 2019 முதல் நடத்தி வருகிறது. ஜனவரியிலும் ஏப்ரலிலும் என ஆண்டுக்கு இருமுறை அது நடைபெறுகிறது. இருமுறை எழுதியவரின் சிறந்த மதிப்பே தரவரிசைக்குக் கொள்ளப்படும். என்.ஐ.டி.கள் எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கும், ஸ்ரீ சிட்டியில் உள்ளது போன்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் அதுவே வாயில். அதில் முன்னணியில் நிற்கும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் மட்டுமே ஐ.ஐ.டி.க்குரிய அட்வான்ஸ்டு தேர்வை எழுதத் தகுதி பெறுவர்.

இஏபிசெட் என்பது ஆந்திர மாநிலத்துப் பொறியியல், வேளாண்மை, மருந்தியல் படிப்புகளுக்கான தேர்வு. முன்னர் இதில் மருத்துவமும் அடங்கியிருந்ததால் ‘எம்செட்’ எனப்பட்டது. மருத்துவச் சேர்க்கை நீட் வழியே நடைபெறலாயிற்று. 2021இல் தேர்வின் பெயரும் மாற்றப்பட்டது. இத்தேர்வில் தரவரிசையை வகுக்கும்போது தேர்வு மதிப்பெண்ணுக்கு 75 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்புப் பாட மதிப்பெண்ணுக்கு 25 விழுக்காடும் தரப்படுகின்றன. இச்செய்தியை மாணவி அடிக்கோடிட்டுக் கொண்டாள். பள்ளித் தேர்வுக்குச் செய்யும் உழைப்பு இங்கு இருமுறை பயன் தருகிறது அல்லவா?

இரண்டாம் வினா: எதனை அளக்கும்?

எல்லாத் தேர்வுகளும் அறிவையே அளக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். வினாக்களின் எண்ணிக்கையையும் காலத்தையும் வகுத்துப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும். 2025ஆம் ஆண்டின் அமைப்புப்படி, கீழ்வரும் நான்கு தேர்வுகளுக்கும் காலம் மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம்.

நீட்: 180 வினாக்கள், ஒரு வினாவுக்கு 60 வினாடி.
இஏபிசெட்: 160 வினாக்கள், ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 67 வினாடி.
ஜே.இ.இ. மெயின்: 75 வினாக்கள்; ஒரு வினாவுக்கு 144 வினாடி.
ஐசர் திறனறித் தேர்வு: 60 வினாக்கள், ஒரு வினாவுக்கு 180 வினாடி.

முதலிரண்டும் விரைவை மிகுதியாக நாடுகின்றன. பின்னிரண்டும் ஒரு வினாவில் நின்று ஆழ்ந்து சிந்திக்க இடம் தருகின்றன. ஓட்டப் பந்தயத்தில் நூறு மீட்டர் ஓடுபவரும் ஐயாயிரம் மீட்டர் ஓடுபவரும் ஓட்டக்காரர்களே. எனினும் இருவருக்கும் பயிற்சி ஒன்றன்று.

மதிப்பெண் வழங்கும் முறையும் வேறுபடுகிறது. ஜே.இ.இ. மெயின் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். இஏபிசெட் தேர்வில் சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்குக் குறைப்பு இல்லை. ஆகவே இஏபிசெட்டில் ஒரு வினாவையேனும் விடையளிக்காமல் விடுவது இழப்பேயாகும்.

மாணவி இரு தேர்வுகளின் மாதிரி வினாத்தாள்களையும் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பார்த்தாள். இஏபிசெட் மாதிரியில் 110 வினாக்களுக்கு விடையளித்திருந்தாள். அவற்றுள் 92 சரி. மீதி 50 வினாக்களை அவள் தொடவே இல்லை. நான்கு விடைகளுள் ஒன்றைக் குத்துமதிப்பாகக் குறித்திருந்தாலும் அவற்றுள் பன்னிரண்டளவு சரியாக அமைந்திருக்கக்கூடும். ஜே.இ.இ. மெயின் மாதிரியில் 45 வினாக்களுக்கு விடையளித்து 36 சரியாகச் செய்திருந்தாள். 36 பெருக்கல் 4 என்பது 144. ஒன்பது தவறுகளுக்காக 9 நீங்க, 135 மதிப்பெண்.

“ஒன்றில் 160க்கு 92, மற்றொன்றில் 300க்கு 135. எதில் நான் மேல், அம்மா?” என்று ஆசிரியையிடம் கேட்டாள்.

“இரு வேறு அளவுகோல்களில் கிடைத்த எண்களை நேராக ஒப்பிட முடியாது. எத்தனை மதிப்பெண் என்பதைவிட, எத்தனை பேருக்கு முன்னால் நிற்கிறாய் என்பதே இத்தேர்வுகளில் பொருட்டு” என்றார் ஆசிரியை.

ஜே.இ.இ. மெயின் முடிவு ‘பெர்சன்டைல்’ எனப்படும் நூற்றுமானத்தில் வெளியிடப்படுவது இதனால்தான். ஒருவரின் நூற்றுமானம் 90 என்றால், அவர் 100க்கு 90 மதிப்பெண் பெற்றார் என்பது பொருளன்று. அவருடன் அதே வேளையில் எழுதியவர்களுள் 90 விழுக்காட்டினர் அவருக்குச் சமமாகவோ அவருக்குக் கீழாகவோ இருக்கின்றனர் என்பதே பொருள். பல நாள்களில், பல வேளைகளில், வெவ்வேறு வினாத்தாள்களைக் கொண்டு நடத்தப்படும் தேர்வில், கடினமான தாள் பெற்றவருக்கு இழப்பு நேராதிருக்க இம்முறை கையாளப்படுகிறது.

இந்தக் கணக்குகளிலிருந்து மாணவி தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டாள். அவளுக்குப் பாடம் தெரிகிறது, விரைவுதான் போதவில்லை. அதற்குத் தேவை நாள்தோறும் கடிகாரத்துடன் அமர்ந்து செய்யும் பயிற்சி. அதனை வீட்டிலிருந்தே செய்யலாம்.

மூன்றாம் வினா: எந்த ஊராராகக் கருதும்?

மூன்றாம் வினாவே புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மிக இன்றியமையாதது. “நீ எந்த ஊர்?” என்று உறவினர் கேட்டால் மாணவி “குடியாத்தம்” என்பாள், வகுப்புத் தோழி கேட்டால் “திருப்பதி” என்பாள். சேர்க்கை விதிகளும் இவ்வாறே இடத்திற்கு இடம் வேறு விடை கூறுகின்றன.

ஆந்திரத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 371-டி உறுப்பின்கீழ் 1974இல் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று பிறப்பிக்கப்பட்டது. அதன்படி இடங்களுள் 85 விழுக்காடு உள்ளூர்ப் பகுதி மாணவர்களுக்கு உரியவை. சித்தூரும் திருப்பதியும் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழக உள்ளூர்ப் பகுதியைச் சேர்ந்தவை. தகுதித் தேர்வில் முடியும் நான்கு கல்வியாண்டுகள் இடைவிடாமல் அப்பகுதியில் படித்தவர், தாய்மொழி எதுவாயினும், உள்ளூர் மாணவராகிறார். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்குப் படித்தார் என்பதே கேள்வி. ஐந்தாம் வகுப்பு முதல் திருப்பதியில் படிக்கும் இம்மாணவி ஆந்திரத்தின் கணக்கில் உள்ளூர்ப் பெண்ணே.

தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அக்கழகம் அமைந்துள்ள மாநிலத்தவருக்கு உரியவை. ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பில் எந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றாரோ அதுவே அங்கு அவருடைய மாநிலம். ஆகவே இம்மாணவிக்கு மாநில ஒதுக்கீடு தாடேபள்ளிகூடத்தில் உள்ள ஆந்திர என்.ஐ.டி.யில் கிடைக்கும், திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யில் பிற மாநிலத்தவருக்கான இடங்களுக்கே அவள் போட்டியிட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் விதி வேறு. அங்கு நுழைவுத் தேர்வே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணித மதிப்பெண் 100க்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் தலா 50க்கும் மாற்றப்பட்டு, மொத்தம் 200க்குத் தரவரிசை அமைக்கப்படுகிறது. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான படிப்பை வெளிமாநிலத்தில் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். அதற்குத் தமிழ்நாட்டு வருவாய்த்துறை வழங்கும் பிறப்பிட, இருப்பிடச் சான்றிதழ் வேண்டும்.

அவளுடைய அத்தை மகன் சித்தூரில் இருக்கிறான். வேலூரில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் சித்தூர் வந்து சேர்ந்தவன். நான்கு ஆண்டுகள் நிறையாததால் ஆந்திரத்தில் அவன் உள்ளூர் மாணவனாகான். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கோ, பதினொன்றும் பன்னிரண்டும் வெளிமாநிலத்தில் படித்ததால் சான்றிதழ் இன்றியமையாதது. பத்து மாதங்களுக்கு முன்பே இதனை அறிந்தால் அது ஒரு சிறு வேலை. விண்ணப்பத்தின் இறுதி நாளில் அறிந்தால் ஓர் ஆண்டே கைநழுவக்கூடும்.

அவனுக்குப் பயன்படும் மற்றொரு செய்தியும் உண்டு. ஜே.இ.இ. மெயின், நீட் ஆகிய இரண்டும் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடைபெறுகின்றன. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் உள்ள மையங்களிலேயே கிடைக்கும். சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். தமிழில் வினாவைப் படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் விண்ணப்பிக்கும்போதே வேலூரை மையமாகக் குறிக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகிறது.

காலம் என்னும் எல்லை

“எல்லாவற்றையும் எழுதிவிடு” என்னும் அறிவுரைக்குக் காலம் இடம் தருவதில்லை. 2025ஆம் ஆண்டின் நாட்காட்டியை நோக்கினால் இது விளங்கும். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் ஏப்ரல் 4 வரை நடந்தன, ஜே.இ.இ. மெயின் இரண்டாம் அமர்வு ஏப்ரல் 2 அன்றே தொடங்கிவிட்டது. மே 4 அன்று நீட். மே 18 அன்று ஜே.இ.இ. அட்வான்ஸ்டு, மே 21 முதல் 27 வரை இஏபிசெட் பொறியியல் தேர்வு, அதற்கு நடுவே மே 25 அன்று ஐசர் திறனறித் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனி விண்ணப்பம், தனிப் பயணம். கடும் வெயிலில் மையம் மையமாகச் செல்லும் மாணவருக்கு, ஒரு தேர்வின் களைப்பு அடுத்த தேர்வில் தவறுகளாக வெளிப்படும்.

பிற இடங்களில்

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு ‘சாட்’, ‘ஆக்ட்’ என்னும் இரு பொதுத் தேர்வுகள் உள்ளன. முன்னது 1926இலும் பின்னது 1959இலும் தொடங்கின. பெரும்பாலான கல்லூரிகள் இரண்டில் எதனையும் ஏற்கும். ஆதலின் அங்குள்ள மாணவர் தமக்கு எளிதாக வருவதைத் தேர்ந்தால் போதும். சீனாவில் 1977இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட ‘காவ்காவ்’ என்னும் தேர்வே பெரும்பாலோர்க்கு ஒரே வாயில். இந்தியாவில் தேர்வுக்குத் தேர்வு வாயிலும் மாறுகிறது. எனவே எளிமையை மட்டும் எண்ணித் தேர்வது இங்குப் போதாது.

தமிழ்நாட்டிலும் 1984 முதல் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு நடந்து வந்தது. கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் 2006இல் அமைந்த குழுவின் பரிந்துரைக்குப் பின், சட்டம் இயற்றி அத்தேர்வு கைவிடப்பட்டது. பயிற்சி நிலையங்களுக்குச் செல்ல வழியற்ற சிற்றூர் மாணவர்கள் பின்தங்கிப் போகின்றனர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது கடினம். ஆகவே பொதுத் தேர்வு வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரு தரப்புமே நேர்மையான சேர்க்கையை நாடுவதாகவே கூறுகின்றன. அதற்குரிய அளவுகோல் எது என்பதில்தான் வேறுபடுகின்றன.

முடிவு

இரண்டு வாரங்களுக்குப் பின் மாணவி தன் குறிப்பேட்டைத் தந்தையின்முன் விரித்து வைத்தாள்.

“மூன்று வாயில்கள், அப்பா. முதலாவது இஏபிசெட். அங்கு நான் உள்ளூர் மாணவி. இரண்டாவது ஜே.இ.இ. மெயின், ஜனவரி அமர்வு. ஸ்ரீ சிட்டி நிறுவனம் என் எண்ணத்தில் இருக்கிறது. மூன்றாவது தமிழ்நாட்டுக் கலந்தாய்வு. அதற்குத் தேர்வே இல்லை. பள்ளி மதிப்பெண் போதும். மூன்றுக்கும் அடிப்படை ஒரே பாடநூல்கள்தாம். இஏபிசெட் ஆந்திர இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைத் தழுவியது. எங்கள் நூலில் இல்லாத சில பகுதிகளை மட்டும் தனியே படித்துக்கொள்வேன்.”

தந்தை குறிப்பேட்டின் பக்கங்களை மெல்லப் புரட்டினார். “ஐ.ஐ.டி.?”

“ஜனவரி முடிவு நன்றாக இருந்தால் அட்வான்ஸ்டு எழுதுகிறேன். இல்லையென்றால் இல்லை. ஐசர் தேர்வை விட்டுவிட்டேன். அங்கு உயிரியல் வினாக்களும் உண்டு. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எழுத வேண்டாம் அல்லவா?”

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. ஏர்ப்பேட்டு வழியே பேருந்தில் செல்லும்போது அவர் கண்டு வந்த கனவு, மகளின் குறிப்பேட்டில் ஒரு ‘இருந்தால்’ ஆகிவிட்டது. அது அவருக்கு எளிதாக இல்லை. ஆயினும் பக்கம் பக்கமாக அவள் எழுதியிருந்த கணக்குகளை அவர் மறுக்கவும் இல்லை, கணக்கரல்லவா!

“வளையல்?” என்றார் இறுதியில்.

“அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரு கடிகாரம், பழைய வினாத்தாள்கள், அப்புறம் குடியாத்தத்திலிருந்து ஒரு சான்றிதழ்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகளும் பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குச் சென்று, அங்கிருந்து குடியாத்தம் போய்ச் சேர்ந்தனர். பழைய தகரப் பெட்டியிலிருந்து தந்தையின் பள்ளிச் சான்றிதழை எடுத்துத் தந்தார் பாட்டி. விண்ணப்பத்திற்குத் தேவையான தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கும்போது மாணவிக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இரண்டு ஊர்களுக்கு நடுவே தான் ஊரற்றவள் என்று அவள் சில வேளைகளில் நினைத்ததுண்டு. விதிகளைத் தெரிந்துகொண்ட பின்னர், தனக்கு இரண்டு ஊர்கள் இருப்பது விளங்கிற்று.

சேர்க்கை விதிகளும் தேர்வு அமைப்பும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு மாணவரும் அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வத் தகவல் கையேட்டைப் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். எண்கள் மாறினும், கணித ஆசிரியை கூறிய மூன்று வினாக்களும் எந்த ஆண்டிற்கும் பொருந்தும்.

சொற்பொருள்

இருப்புப்பாதை – இரயில் செல்லும் பாதை
ஒதுக்கீடு – ஒரு பிரிவினருக்கெனப் பிரித்து வைத்தல்
கலந்தாய்வு – தரவரிசைப்படி கல்லூரியும் பாடப்பிரிவும் வழங்கும் முறை
பூர்வீகம் – முன்னோர் வாழ்ந்த ஊர், வழிவழி வந்த இடம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
பொருட்டு – மதிக்கத்தக்கது, கருதத்தக்கது

மொழித்திறன்

‘தேர்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொற்களை நோக்குக.
தேர்வு – மாணவி தேர்வு எழுதினாள்.
தேர்ச்சி – அவள் தேர்ச்சி பெற்றாள்.
தேர்தல் – ஊராட்சித் தேர்தல் நடந்தது.
தேர்ந்த – அவர் தேர்ந்த ஆசிரியர்.
தேர்ந்தெடு – நல்ல நூலைத் தேர்ந்தெடு.

இப்பாடத்தின் தலைப்பில் வரும் ‘தேர்தல்’ என்பது தெரிந்தெடுத்தல் என்னும் பொருளைத் தரும் தொழிற்பெயர். வாக்களித்துத் தெரிந்தெடுப்பதற்கும் அச்சொல்லே வழங்குகிறது.

பயிற்சிகள்

அ. ஓரிரு வரிகளில் விடை தருக.
1. திருப்பதியில் ஐ.ஐ.டி. தொடங்கப்பெற்ற ஆண்டு யாது?
2. ‘எம்செட்’ என்னும் பெயர் மாற்றப்பட்டது ஏன்?
3. நூற்றுமானம் 90 என்பதன் பொருள் என்ன?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. ஒருவர் ஜே.இ.இ. மெயின் தேர்வில் 50 வினாக்களுக்கு விடையளித்து 38 சரியாகச் செய்தார். அவர் பெற்ற மதிப்பெண் எவ்வளவு?
2. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் 90, இயற்பியல் 84, வேதியியல் 88 பெற்ற மாணவரின் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு மதிப்பெண் 200க்கு எவ்வளவு?

இ. ஒரு பத்தியில் விடை தருக.
1. மாணவியின் நிலையும் அத்தை மகனின் நிலையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. தந்தையின் அறிவுரையை மாணவி அப்படியே ஏற்காததற்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
நுழைவுத் தேர்வு வேண்டும், பள்ளி மதிப்பெண்ணே போதும் என்னும் இரு கருத்துகளுள் ஒன்றைத் தேர்ந்து, காரணங்களுடன் பத்து வரிகள் எழுதுக. எதிர்க்கருத்துக்கும் மதிப்பளித்து ஒரு வரியேனும் அதில் அமைய வேண்டும்.

உ. செயல்
உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, குடும்பத்தின் பூர்வீக ஊர், இப்போதுள்ள ஊருக்கு வந்த ஆண்டு, நீங்கள் ஒவ்வொரு வகுப்பையும் படித்த ஊர் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுக. இப்பாடத்தின் மூன்றாம் வினாவுக்கு உங்கள் விடை யாது என்று வகுப்பில் எடுத்துரைக்க.